தங்கத்தாள் தோரணம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். கஞ்சி இல்லை, களி இல்லை. லேசான புளிப்பு, அடியில் கொஞ்சம் தீய்ந்த மணம். சந்தேகமே இல்லை, மரவள்ளி மாவில் காய்ச்சுகிற பசை. செந்தூலில் மகன் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் அடுத்த நிமிஷமே அந்தக் கால மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டின் அடுப்பங்கரையில் இருந்தேன்.

விஷயம் இதுதான். மருமகள் வாங்கும் மாதப் பத்திரிகையில், 'செலவில்லாமல் வீட்டிலேயே செய்யலாம்' என்று கைவேலைப் பக்கம் ஒன்று வருகிறது. அதைப் பார்த்துச் சுவரில் மாட்ட ஒரு பூச்சரம் செய்யப் புறப்பட்டிருக்கிறாள். செலவில்லாத அந்த வேலைக்கு மினுமினுப்புத் தாள், பட்டு நாடா, மூன்று வண்ணச் சாயம், வளைந்து வளைந்து வெட்டும் கத்தரிக்கோல் என்று கடைப் பை ஒன்று நிறைய வாங்கி வந்து மேஜைமேல் பரப்பியிருந்தாள். பசை ஒன்றுதான் வீட்டுச் சரக்கு. அதுவும் கட்டி தட்டியிருந்தது.

“மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சிட்டு அப்புறம்தான் கொதிக்கிற தண்ணியில ஊத்தணும்மா” என்றேன்.

“மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்க மாட்டாளா பின்னே? இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட என்னை விடுவதில்லை. ஒரு தடவை விட்டார்கள், சுவர்க்கடிகாரம் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கைவேலை வராது. ஆனால் ஒரு காலத்தில், ஒரு வாரம், ஒரு வீட்டையே வேண்டாத சாமான்களால் ஜோடித்த மூன்று பேரில் நானும் ஒருவன். பசைக்குப் பொறுப்பு நான். அதோடு நின்றிருந்தால் நல்ல பெயரோடு போயிருப்பேன். தாள் வாங்கி வரும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்களே, அங்கேதான் வந்தது வினை.

ரப்பர் விலை தரையில் கிடந்த வருஷங்கள் அவை. நாங்கள் மூவரும் ரயில்வேயில் கிராணிகள். பேனா பிடித்து வேலை செய்கிறவனுக்கு மலாயாவில் அதுதான் பெயர். ஆட்களைக் குறைத்தார்கள், மிஞ்சியவர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். வேலை போகவில்லை என்பதே பெரிய பாக்கியம் என்று காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு வரிசைப் பலகை வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டை மூவரும் சேர்ந்து எடுத்து மெஸ் நடத்தினோம். மெஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் சாம்பார், மறுநாள் அதே சாம்பாரில் தண்ணீர்.

மூவரில் ஒருவன் கனகசபை. கும்பகோணம் பக்கத்துக்காரன், வாய் ஓயாதவன். இன்னொருவர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத மனிதர். முட்டைகோசு வாங்கினால்கூட நூல் போட்டுச் சுற்றளவு பார்ப்பார் என்று கனகசபை கேலி செய்வான். மூன்றாவது ஆள்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

கனகசபை லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பியிருந்தான். தனியாகத்தான் திரும்பினான். பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. தாயார் படுத்த படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ளப் பெண் அங்கேயே தங்கிவிட்டாள். அஞ்சாறு மாதத்தில் தாயாரும் போய்விட்டார். கிள்ளானில் குடியிருக்கும் ஒரு குடும்பம் ஊரிலிருந்து கப்பலேறுகிறது, அவர்களோடு பெண்ணை அனுப்புகிறோம் என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கனகசபை இரண்டு தரம் படித்தான். பிறகு சொன்னான்: “அம்மா இல்லாத பொண்ணுடா. எழவு வீட்டிலேருந்து நேரா கப்பலேறி வரா. இங்க வந்து இறங்கறப்ப வீடு வெறிச்சுனு இருந்தா அவ மனசு என்னத்துக்கு ஆகும்? வாசல்ல கால வச்சதும், நமக்காக இவ்வளவு பண்ணியிருக்காங்களேன்னு அவளுக்குத் தோணணும். அது போதும் எனக்கு.”

அதே வரிசையில் காலியாக இருந்த கடைசி வீட்டை அவன் எடுத்திருந்தான். ஓர் அறை, ஓர் அடுப்பங்கரை, முன்னால் ஒரு துண்டு முற்றம். முன்பு இருந்தவர்கள் விறகு எரித்து எரித்துப் பலகையெல்லாம் கரி. உள்ளே சாமான் என்று சொல்ல ஓர் ஆணிகூட இல்லை. எங்கள் மூவர் பையையும் கவிழ்த்து உதறினாலும் ஒரு நாற்காலி தேறாது. கப்பல் வர ஒரு வாரம் இருந்தது.

“உதுக்கென்ன, செய்வம்” என்றார் நவரத்தினம், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆபீஸ் விட்டு வந்ததும் வேலையை ஆரம்பிப்போம். மண்ணெண்ணெய் அந்த நாளில் இரண்டிரண்டு டின்னாக மரப்பெட்டியில் வரும். சாமான் கடையில் கெஞ்சி நாலு பெட்டி வாங்கினோம். இரண்டை அடுக்கி முன்னால் பழைய வேட்டியில் ஒரு திரை தொங்கவிட்டால் துணி அலமாரி. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஒரு கண்ணாடியைச் சாய்த்தால் பெண்பிள்ளை தலை வாரும் மேஜை. இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியை முதலில் நாலு நாள் வெயிலில் போடுங்கள். நாங்கள் போடவில்லை. அந்த அலமாரியில் வைத்த துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன கனகசபையை, மண்ணெண்ணெய் வாடையை வைத்து விளக்குத் துடைப்பவன் என்று ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தாராம்.

அப்புறம் பால் டின். டீக்கு வாங்கிய கெட்டிப்பால் டின்கள் எங்கள் மெஸ்ஸில் மலையாகக் கிடந்தன. கழுவி, ஆணியால் பொத்துப் பொத்துப் பூ வடிவம் போட்டு, உள்ளே அகல் வைத்தால் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழும். ஆணி அடித்தால் டின் நசுங்கும். அதற்கு நவரத்தினம் ஒரு வழி கண்டுபிடித்தார். டின் நிறைய ஈர மணலை அடைத்து, இறுக்கிக் குத்திவிட்டு அடித்தால் நசுங்காது. அவர் அடித்த ஐந்தும் தாமரை. நான் அடித்த ஒன்றைப் பார்த்துவிட்டு, “என்ன காணும் இது, சல்லடையோ?” என்றார். அதை அடுப்பங்கரையில் மாவு சலிக்க வைத்துவிட்டோம்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தேங்காய் மட்டையை ஊறப்போட்டு நசுக்கினால் அருமையான தூரிகை. சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கலந்தால் வெண்மை தூக்கும் என்று யாரோ சொல்ல, கனகசபை ஒரு கட்டியையே போட்டுவிட்டான். வீடு முழுக்க நீலம். நல்லவேளை, அது பார்க்க நன்றாகவே இருந்தது. வாசல் திரைக்குப் பழைய காலண்டர் தாள்களை நீள முக்கோணமாக வெட்டி, ஈர்க்கில் சுற்றிச் சுற்றிப் பசை தடவி மணி செய்து, நூலில் கோத்தோம். எத்தனை நூறு மணி சுற்றினேன் என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்தால்கூட விரல் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மெஸ்ஸில் கனகசபை படுத்த கட்டிலையும் தூக்கிவந்து போட்டதோடு வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. ஆனாலும் கட்டிலுக்கு மேலேயும் வாசலிலும் ஏதோ குறைந்தது.

“கல்யாணக் களை இல்லடா” என்றான் கனகசபை. “மினுக்குனு ஏதாவது வேணும். தோரணம் மாதிரி.”

“நான் வாங்கியாறேன்” என்று நானே வாயைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சீனர்கள் தெருவுக்குப் போனேன். ஜரிகைத் தாள் விலை கேட்டால் தலை சுற்றியது. அப்படியே நடந்துகொண்டிருந்தவன் ஒரு சின்னக் கடையின் முன்னால் நின்றுவிட்டேன். ஊதுபத்தியும் சிவப்பு மெழுகுவர்த்தியும் விற்கிற கடை. வாசலில் கட்டுக் கட்டாகத் தாள். சொரசொரப்பான மஞ்சள் தாள்தான், ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும் தகதகவென்று ஒரு பொற்சதுரம். சிலவற்றில் வெள்ளி. விலையைக் கேட்டேன். நம்பவில்லை, மறுபடியும் கேட்டேன். ஒரு கட்டே எங்களுக்கு எதேஷ்டம், நான் மூன்று கட்டு எடுத்தேன்.

கடைக்காரக் கிழவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வாரம் முழுக்க உறக்கமில்லாமல் பசை காய்ச்சிய முகம். மெல்லத் தலையை ஆட்டி, என் கையை ஒரு தரம் தட்டிக் கொடுத்து, ஒரு கட்டு ஊதுபத்தியைக் காசில்லாமலே மேலே வைத்தார். ஆகா, இந்த ஊரில் நம் முகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பூரித்துப்போனேன். நாலு வருஷம் அந்த ஊரில் குப்பை கொட்டியவன் நான். சீனர் வீட்டு வாசல்களில் எதையோ எரிப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எரிவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தாளைப் பார்த்ததும் கனகசபை என்னைக் கட்டிக்கொண்டான். நவரத்தினம் மட்டும் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “எனக்கென்னவோ உதை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு” என்றார். “பொன் எங்க பார்த்தாலும் பார்த்த மாதிரிதான் இருக்கும்” என்று அவர் வாயை அடைத்தேன். மாவிலை வடிவத்தில் வெட்டினோம். நூலில் ஒட்டினோம். வாசலுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, கட்டிலுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நாலு. மிச்சத் தாளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். பால் டின் விளக்கை ஏற்றிப் பார்த்தால், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கரிப்பிடித்த வீடு ஜொலித்தது. மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டோம்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பம். அந்த அம்மாளை வரிசையே ஆ சோ என்று கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும், வாத்து வளர்ப்பார், எங்கள் மெஸ் சாம்பார் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துவார். ஆனாலும் எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அரிசிக் கஞ்சி வந்துவிடும். அந்த வாரம் அவர் செமினியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவர் மட்டும் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கனகசபை கிள்ளானுக்குப் போய் மத்தியானத்துக்குள் பெண்ணை அழைத்துவந்தான். பெயர் செண்பகம். ஒல்லியான பெண், கையில் ஒரு தகரப்பெட்டி. கப்பலில் ஒரு வாரம் அலைந்த களைப்பு முகத்தில் இருந்தது, அழுத தடம் மட்டும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ரயிலில் தாயாரைப் பற்றிப் பேச்செடுத்தபோதும் சிரித்த முகமாகவே இருந்தாளாம். “புருஷன் வீட்டுக்குப் போற பொண்ணு அழக்கூடாதுன்னு சித்தி சொல்லி அனுப்பிச்சாங்க” என்றாளாம். கனகசபை இதை என் காதில் சொன்னான்.

நாங்கள் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வாசலில் நின்றோம். அவள் மணித்திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி, மேஜை, விளக்கு, தோரணம், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

“யாரு செஞ்சது இதெல்லாம்?”

“நாங்கதான்” என்றான் கனகசபை.

“பசையில துத்தம் போட்டீங்களா? இல்லேன்னா கரப்பான் தின்னுடுமே.”

போடவில்லை. பசைப் பொறுப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் எங்களுக்கு உயிர் வந்தது. அவள் கண்ணில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. தேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆ சோ வந்தார். ஊரிலிருந்து திரும்பியவர், பக்கத்து வீட்டில் மணப்பெண் வந்திருக்கிறாள் என்று தெரிந்து, சிவப்புத் தாளில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். வாசலில் தலையை நிமிர்த்தினார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“ஆய்யா! ஓராங் மாத்தி பூஞா! தா பாய், தா பாய்!”

மலாயில் சொன்னார். செத்தவர்களுடையது, நல்லதில்லை, நல்லதில்லை என்று அர்த்தம். எங்கள் மூவருக்கும் விளங்கிற்று. செண்பகத்துக்கு மட்டும் விளங்கவில்லை.

“அந்தம்மா என்ன சொல்றாங்க?”

கனகசபை என்னைப் பார்த்தான். நவரத்தினம் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கிணற்றடிக்கு நடையைக் கட்டிவிட்டார். “தோரணம் ரொம்ப அழகா இருக்காம்” என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் தெரியவில்லை.

“பாவம், ஆசைப்படறாங்க போலிருக்கு” என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் செண்பகம் வாசல் தோரணத்தைக் கழற்றி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக ஆ சோவின் கையில் வைத்துவிட்டாள்.

அடக் கடவுளே! ஆ சோ கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி உதறினார். தோரணம் ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம் உருண்டது. செண்பகம் என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அழகா இருக்குன்னு சொல்றவங்க ஏன் இப்படி நடுங்கறாங்க? உண்மையச் சொல்லுங்க.”

சொன்னேன். வேறு வழி? சீனர்கள் இறந்துபோனவர்களுக்காக எரிக்கிற தாள் இது, தெரியாமல் நான்தான் வாங்கி வந்தேன், மூன்று கட்டு வாங்கினேன், என்னை மன்னிச்சிடும்மா என்றேன். தாயை எரித்த சூடு ஆறாமல் வந்த பெண்ணின் கட்டிலுக்கு மேலே சாவுத்தாளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஒரு நாளாவது அவள் மனசு நிறைய வேண்டும் என்று ஒரு வாரம் உழைத்த உழைப்பு இப்படி வந்து முடிந்தது. அப்போது பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

கனகசபை பாய்ந்து கட்டில் தோரணத்தைப் பிடித்து இழுத்தான். “அறிவிருக்காடா உனக்கு? கடைக்காரன்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்று என்னை ஏசிக்கொண்டே பிய்த்தான்.

“கிழிக்காதீங்க” என்றாள் செண்பகம். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் கை நின்றுவிட்டது.

அவள் என்னிடம் கேட்டாள். “இத எரிச்சா என்னாகும் அண்ணே? அவங்களக் கேளுங்க.”

எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், ஆ சோவிடம் கேட்டேன். அவரும் மூச்சை வாங்கிக்கொண்டு நிதானமாகவே சொன்னார். எரித்தால் அது அந்தப் பக்கத்தில் பொன்னாகிவிடும். போனவர்கள் கஷ்டப்படாமல் இருப்பார்கள்.

“யாரு எரிக்கணும்? மகன்தானா?”

கேட்டேன். “அனாக் பெரும்புவான் போலே” என்றார் ஆ சோ. மகளும் எரிக்கலாம்.

“மகளுமா?” என்றாள் செண்பகம். “நல்லாக் கேளுங்கண்ணே. மகளுமா?”

மறுபடி கேட்டேன். ஆ சோ அழுத்தமாகத் தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “மாக் மாத்தி?” என்றார். அம்மா செத்துவிட்டாரா என்று கேட்டார். இந்தத் தடவை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செண்பகம் தலையை ஆட்டினாள்.

தரையில் உட்கார்ந்து அவளாகவே சொன்னாள். “ஆறு மாசம் தூக்கி எடுத்து, குளிப்பாட்டி, ஊட்டி விட்டது நான். போன அன்னிக்கு, பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு கதவச் சாத்திட்டாங்க. கொள்ளி வச்சது சித்தப்பா பையன். அவன் எங்கம்மாவ வருஷத்துக்கு ஒரு வாட்டி எட்டிப் பார்த்தா அதிகம். என் கையால நான் ஒண்ணுமே செய்யல.”

கட்டிலுக்கு அடியிலிருந்து மிச்சக் கட்டுகளை இழுத்து அவள் முன்னால் வைத்தேன். மூன்று கட்டு வாங்கியது அப்போதுதான் உதவிற்று.

ஆ சோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துச் சுருட்டி, இரண்டு முனையையும் உள்ளே தள்ளி, நடுவை விரலால் பிரித்தார். சின்னப் படகு மாதிரி ஒரு பொற்கட்டி. இன்னொன்று, மெதுவாக. செண்பகம் பார்த்தாள். முதலாவது கோணலாக வந்தது, ஆ சோ அதைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது சரியாக வந்தது. அப்புறம் இரண்டு பேரும் மடித்துக்கொண்டே இருந்தார்கள். பேசுவதற்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. தாள் மடிகிற சத்தம் மட்டும் கேட்டது. கனகசபையும் நானும் தாளை எடுத்துக் கொடுத்தோம். நானும் ஒன்று மடித்தேன். ஆ சோ அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரித்து வைத்தார்.

கிணற்றடியிலிருந்து ஒரு வழியாக நவரத்தினம் திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும், “சைவ வீட்டிலை உது சரியோ, என்னவோ” என்று இழுத்தார். கொஞ்ச நேரம் அந்த இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து, மேலே வெட்டி, ஈர மணலை அடைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகத் துளை போட்டார். அதிலும் பாருங்கள், தாமரைதான் போட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் முற்றத்தில் டின்னை வைத்தோம். கடைக்காரர் கொடுத்த ஊதுபத்தியை ஆ சோ பற்றவைத்துச் செண்பகத்தின் கையில் கொடுத்தார். முதல் கட்டியைப் போடும்போது செண்பகம் அம்மாவின் பெயரைச் சொன்னாள். இரண்டாவதைப் போடும்போது அம்மா என்றாள். அதற்குப் பிறகு அவளால் முடியவில்லை. கப்பலில் அழாதது, கிள்ளானில் அழாதது, ரயிலில் சிரித்தது எல்லாம் சேர்ந்து வந்தது. கனகசபை ஓடப் பார்த்தான். ஆ சோ கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் அவளைத் தொடவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. அடுத்த கட்டியை எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டே அவள் வாங்கி வாங்கிப் போட்டாள். நாங்கள் வெட்டிய மாவிலைத் தோரணங்களையும் கடைசியில் கேட்டு வாங்கிப் போட்டாள். இப்படிக் கண்டபடி வெட்டிய தாள் செல்லுமோ செல்லாதோ என்று ஆ சோ யோசித்தார். பிறகு சரி என்று விட்டுவிட்டார்.

எல்லாம் எரிந்து முடிந்ததும் செண்பகம் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். சாமி விளக்கை ஏற்றினாள். உலை வைத்தாள். அன்று ராத்திரி எங்கள் மூவருக்கும் ரசம் ஊற்றினாளே, அதில் தண்ணீர் எது ரசம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆ சோ வீட்டுக்குப் போய், மங்கலத்துக்கு ஒட்டும் சிவப்புத் தாள் கொண்டுவந்து, வாசல் நிலையில் இரண்டு பக்கமும் தன் கையாலேயே ஒட்டினார். பசை என்னுடையதுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் திதி அன்று செண்பகம் மத்தியானம் இலை போட்டுப் படைப்பாள், சாயங்காலம் ஆ சோவோடு உட்கார்ந்து தாள் மடிப்பாள். ஆ சோவின் வீட்டுத் திதிகளுக்கு இவள் போய் மடித்துக் கொடுப்பாள். அந்த வரிசையில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. நவரத்தினம் மாற்றலாகிப் போனார். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் மனைவிக்கும் ஆ சோதான் சிவப்புத் தாள் ஒட்டினார்.

ஆ சோ போய்ப் பல வருஷமாகிறது. கனகசபையும் போய்ச் சேர்ந்தான். அந்த வரிசை வீடுகளைத் தட்டிவிட்டார்கள். அங்கே இப்போது மோட்டார் பட்டறை, கிணறு இருந்த இடத்தில் டயர் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சாதி, இரண்டு சாமி, நடுவில் ஒரு பலகை என்கிற அந்த வசதி இப்போதைய சிமெண்டு வீடுகளில் இல்லை. பக்கத்து வீட்டில் யார் அழுகிறார்கள் என்று எனக்குக் கேட்பதில்லை.

கடைசியாகச் செண்பகத்தைப் பார்த்தது அவள் மகன் வீட்டில். தலை முழுக்க நரை. பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்தோம். எழுந்து புறப்படும்போது, இத்தனை வருஷமாக மனசை அறுத்துக்கொண்டிருந்ததை வாய்விட்டுக் கேட்டேன். அன்னிக்கு நான் பண்ணின காரியத்துக்கு என் மேல் உனக்குக் கோபமே வரலையாம்மா என்று.

“என்னண்ணே நீங்க” என்றாள். “அன்னிக்கு நீங்க நல்ல தாளா பாத்து வாங்கிட்டு வந்திருந்தா, எங்கம்மாவுக்கு நான் அழுதே இருக்க மாட்டேன்.”

அதைச் சொன்ன செண்பகமும் இப்போது இல்லை.